நரம்பு என்று வாய்விட்டுச் சொல்

கண்ணு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. கேட்டால் நீ "நல்லா இருக்கேம்மா" என்பாய். அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அந்த நாடகம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உப்புப் போட்ட தண்ணீரை வைத்துக்கொண்டு படி. ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுத்து கலங்க ஆரம்பித்தால் மூடி வைத்துவிட்டு அப்புறம் எடு. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "செரிம்மா, வெச்சர்றேன்" என்று பாதியிலேயே ஓடிவிடுகிறாய். காகிதத்தை விட்டு அப்படி ஓட முடியாது.

போன வாரம் ஓசூரிலிருந்து நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "அம்மா, பொண்ணு ஊட்டுக்காரங்க வரும்போது நீ வாயத் தொறக்காத. மாமா பேசிக்குவாரு." சொந்தப் பிள்ளை அம்மாவுக்குப் போடுகிற உத்தரவு. போட வேண்டிய காரணம் உனக்கு இருந்தது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமா அன்றைக்கே உனக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொல்லியிருப்பான், அதனால்தான் நான்கு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு சில இருக்கின்றன, அவற்றைத்தான் முதலில் எழுதப் போகிறேன்.

அந்தக் கொரோனா இரண்டாவது அலைச் சமயத்தில் உன் அப்பா ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார், வர வழியில்லை. நீ சேலத்திலிருந்து காய்ச்சலோடு மல்லசமுத்திரம் வந்து இறங்கினாய். மூன்றாம் நாள் எனக்கும் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருமிக்கொண்டே கிடந்து எப்படியோ எழுந்துவிட்டோம். மூச்சுத் திணறவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, பிழைத்தோம் என்று நான் கும்பிட்டுக்கொண்டேன். எனக்கு மட்டும் மூக்கு போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன், முதுகுத் துணி கருகிக்கொண்டிருக்கிறது, புகை கண்ணில் படுகிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத் தையலில் ஒரு துணியைக் கருக்கியவள் இல்லை நான். அப்போது கூட நான் பயப்படவில்லை. சளி பிடித்தால் வாசனை தெரியாது, அதுபோலத்தான், போய்விடும் என்று இருந்தேன்.

உனக்கு வந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே தெரிந்தது. காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தவன் கையை நீட்டி "அம்மா, அந்த... அந்த..." என்று நின்றுவிட்டாய். எதிரில் இருந்தது கரண்டி. கரண்டி என்ற வார்த்தை உனக்கு வரவில்லை. நான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாய். தினமும் போகிற ஆபீசுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை என்றாய். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது என்றாய், விளக்கெண்ணெய் தடவச் சொன்னேன். படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண் இருட்டுகிறது என்றாய், காலையில் நேரத்தோடு எழுந்தால் அப்படி ஆகாது என்று புத்தி சொன்னேன். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாய். பகலெல்லாம் படுத்துக் கிடந்தாய்.

அப்போது நான் பேசிய பேச்சை இப்போது எழுதுகிறேன், எழுதுகிற கை கூசுகிறது. "போனையே பாத்துப் பாத்து மூள கெட்டுப் போச்சு." "உங்கொப்பன் வெய்யில்ல மண்ணுத் தின்னுட்டு சம்பாதிக்கிறான், நீ மெத்தைல பொரண்டுக்கிட்டு இரு." "சோம்பேறிக்கு நெஞ்சு வலி ஒரு கேடா." இவை ஒரு நாள் கோபத்தில் வந்தவை அல்ல. மாதக் கணக்கில் பேசினேன். வேர்வை சிந்தினால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொல்ல, மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கும் நாளில் உன்னை விரட்டி ஆட்களோடு காட்டுக்கு அனுப்பினேன். இரண்டு சால் பிடுங்கியிருப்பாய். மூன்றாவதில் கிழங்குச் செடியைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாயாம். வண்டியில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு பதினொரு நாள் நீ சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போகவில்லை. முடியாத உடம்பை மேலும் வாட்டினால் அது இன்னும் கீழே போகும் என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். நீ முடியவில்லை என்று சொன்னாய். நான் நம்பவில்லை. நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும் நம்பவில்லை. இதுதான் நான் உன்னிடம் கேட்கும் முதல் மன்னிப்பு.

சேலத்தில் அந்த டாக்டரம்மாவிடம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். நான் உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "கேட்டுக்கிட்டியா, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று உன்னை நாலு பேர் முன்னால் இழித்துப் பேசத் தயாராகிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "உக்காருங்கம்மா, நான் இன்னும் முடிக்கல" என்றார். உன்னைப் படுக்க வைத்து, விரலில் ஒரு சின்ன மிஷினை மாட்டி நாடித்துடிப்பு பார்த்தார். பிறகு அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். படுத்திருந்தபோது ஒழுங்காக இருந்த துடிப்பு, ஒன்றுமே செய்யாமல் நின்ற சில நிமிடத்தில், ஓடி வந்தவனுடையது மாதிரி ஏறிவிட்டது. அந்த மிஷினில் எண் ஏறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். உன் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ஸ்கேன்ல தெரியறது கட்டடம்மா. கட்டடம் நல்லா இருக்கு. உள்ள கரண்டு ஓடறதுலதான் கோளாறு. கொரோனா நுரையீரலோட நிக்கறதில்ல, சில பேருக்கு நரம்புலயும் கை வெச்சுட்டுப் போகுது. உங்களுக்கு மூக்குல வெச்ச மாதிரி இவருக்கு வேற எடத்துல வெச்சிருக்கு. நிக்கும்போது ரத்தத்த மேல தள்ளறது, நெஞ்சத் துடிக்க வைக்கறது எல்லாம் நாம சொல்லாமயே பாத்துக்கற நரம்பு இருக்கு, அது தடுமாறுது. கால் எரியறது மெல்லிசு நரம்பு. வார்த்தை மறக்கறது மூளை சீக்கிரம் களைச்சுப் போறதால. இவரு நடிக்கல. கற்பனையும் இல்ல." ஒரே மாத்திரையில் போகாது, நிறையப் பேருக்கு மெல்ல மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கும், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். தண்ணீரும் உப்பும் சேர்க்கச் சொன்னார், காலை இறுக்கிப் பிடிக்கும் நீள உறையை மாட்டச் சொன்னார், களைப்பு வருவதற்கு முன்பே வேலையை நிறுத்தச் சொன்னார். எனக்கு லவங்கத்தையும் எலுமிச்சையையும் காலையும் மாலையும் மோந்து பார்த்துப் பழகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது உனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு நான் மறுபக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். அவமானத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. என் பிள்ளை சோம்பேறி இல்லை. அவனுக்கு இருப்பது வியாதி, அதற்கு ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தின் பெயர் நரம்பு.

அந்த சந்தோஷம்தான் என் வாயைக் கெடுத்தது. மறுநாள் கடையில் ஜாக்கெட் அளவு கொடுக்க மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "ஏனுங்கக்கா, தம்பிக்கு என்னதான் பண்ணுதாமா? டாக்டரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். இத்தனை நாள் "பையன் சும்மா படுத்திருக்கான்" என்று பேசியவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்ற மிதப்பில், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நல்ல சத்தமாகவே சொன்னேன். "அவனுக்கு நரம்புத் தளர்ச்சியாமா. செரியாப் போயிருமாமா." ஒருத்தி முந்தானையை வாய்க்கு எடுத்தாள். இன்னொருத்தி, "அப்பிடீங்களா... பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' என்னவோ போல இருந்தது. இருந்தாலும் எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க ஒரு வாரம் ஆனது. உனக்குப் பார்த்திருந்த ராசிபுரத்துச் சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று அவர்களே பார்த்துச் சொன்ன ஜாதகம் திடீரென்று பொருந்தாமல் போய்விட்டது. உன் மாமா வந்து கடை வாசலிலேயே நின்று கத்தினான். "ஏனக்கா, உனக்கு அறிவு கிறிவு இருக்குதா? கண்ணாலத்துக்கு நிக்கிற பையனுக்குப் போய் நரம்புத் தளர்ச்சின்னு சொல்லுவியா? சங்ககிரி வரைக்கும் எந்தச் செவுத்தப் பாத்தாலும் என்ன ஒட்டியிருக்குது? படிச்சதே இல்லியா நீயி?" படித்திருக்கிறேன். முப்பது வருடமாகப் பஸ் ஜன்னலிலிருந்து படித்துக்கொண்டுதான் வருகிறேன். பாலத்தடியில், மூத்திரச் சந்தில், மின்கம்பத்தில். மாதம் ஒரு நாள் ஏதோ ஒரு லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியருக்காக ஒட்டியவை. எந்த ஆண்பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் நாசூக்குப் பெயர் அது. அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரம்மா நரம்பு என்றதும், நரம்போடு சேர்ந்து என் நாக்கில் தானாக வந்து விழுந்தது சுவரில் பார்த்த அந்த வார்த்தைதான். நரம்புக்குப் பக்கத்தில் வேறு எந்த வார்த்தையையும் நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

அதோடு விட்டானா உன் மாமா? எதற்கும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அந்த லாட்ஜ் வைத்தியரிடமே போய், ஒரு டப்பா லேகியத்தோடு வந்து நின்றான். நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது எனக்கா உங்களுக்கா?" என்றாய். ஒரு வார்த்தை கூடத் தடுக்கவில்லை, கோர்வையாக வந்தது! அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அவன் ஒரு மாதம் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் நீ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, ஊருல வேற வார்த்தையே கெடைக்கலியா உனக்கு?" என்று மட்டும் கேட்டாய். ஒன்பது நாள் பேசவில்லை. ஊரில் நீ நடந்து போனால் டீக்கடையில் பேச்சு நின்று போனதும், உன் கூடப் படித்தவர்களே தோளைத் தட்டிக் கேலி செய்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ மல்லசமுத்திரத்தை விட்டு ஓசூருக்குப் போனது வேலைக்காக மட்டும் இல்லை என்பதும் தெரியும். இது இரண்டாவது மன்னிப்பு.

ஆனால் கண்ணு, இங்கேதான் நானும் நீயும் பிரிகிறோம். நான் சொன்னது தப்பான வார்த்தை என்பதால், இனிமேல் வார்த்தையே வேண்டாம் என்று நீயும் உன் மாமாவும் முடிவு செய்துவிட்டீர்கள். நான் கேட்கிறேன், நரம்பை அந்த லாட்ஜ்காரர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் ஓடுகிறது. நான் ஊசியில் நூல் கோப்பது அதனால்தான், உன் அப்பா அத்தனை சத்தத்துக்கு நடுவில் காலடி அதிர்விலேயே பாறை மாறுவதைக் கண்டுபிடிப்பதும் அதனால்தான். நெஞ்சு வலிக்கு ஆபரேஷன் செய்தவர் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டிப் பெருமையாகப் பேசுகிறார். சர்க்கரை இருப்பவர் கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லித்தான் இலையில் இனிப்பு வேண்டாம் என்கிறார். நரம்பில் வந்தவன் மட்டும் ஏன் தலையைத் தொங்கப் போட வேண்டும்? நீ யாரையாவது ஏமாற்றினாயா, எங்காவது போய் விலைக்கு வாங்கி வந்தாயா? ஊரே முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நின்ற காலத்தில் வந்தது, ஊரில் பாதிப் பேருக்கு வந்தது, உன்னிடம் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறைத்ததில் என்ன கண்டோம் என்றும் யோசித்துப் பார். அந்த மலையடிவாரக் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தோமே, அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். பெரியவர்கள் நின்று பேசும்போது மாப்பிள்ளைப் பையன் உட்காரக் கூடாது, மரியாதை இல்லை. அவர்களோ வெயிலில் நின்றுகொண்டு எந்தக் கிராமம், யாருக்கு யார் பங்காளி என்று தோண்டித் துருவிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே கல் மேடை காலியாகக் கிடக்கிறது. நீ கைகட்டி நிற்கிறாய். உன் உதடு வெளுப்பதை நான் பார்க்கிறேன், "உக்காரு சாமி" என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை, ஏனென்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தூணைப் பிடித்தபடியே சரிந்தாய். உன் மாமா உடனே, "நேத்து நைட் ஷிப்ட்டுங்க, தூக்கமில்ல" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டான். அவர்கள் என்ன சொல்லியனுப்பினார்கள் தெரியுமா? உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். "பையன் குடிப்பானாட்டம் இருக்குதுங்க." ஒரு சொட்டு தொடாத என் பிள்ளைக்கு, வியாதியை மறைக்கப் போய், குடிகாரன் என்ற பெயர் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எவன் வந்தாலும் சொல்லிவிடுவது என்று.

அதனால் போன ஞாயிறு நடந்ததை என் வாயாலேயே கேள். பரமத்தி வேலூரிலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள், அலட்டல் இல்லாத மனிதர்கள். வீட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், காபி வந்தது. பெண்ணின் அப்பா மெதுவாக, "தம்பி மொதல்ல சேலத்துல நல்ல கம்பெனில இருந்தாருன்னு சொன்னாங்க. எதுக்குங்க உட்டுப்போட்டாரு?" என்று கேட்டார். உன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வந்துங்க, மேல படிக்கோணும்னு ஒரு ஆசைங்க..." என்று இழுத்தான். "இல்லீங்க," என்றேன் நான். "ஒடம்பு முடியாம உட்டானுங்க." மாமா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. காய்ச்சலில் ஆரம்பித்து, கரண்டி, ரவுண்டானா, கிழங்குக் காடு, டாக்டரம்மா வரைக்கும் எல்லாம் சொன்னேன். இப்போது முக்கால்வாசி தேறிவிட்டாய், உட்கார்ந்து செய்யும் வேலை செய்கிறாய், நீண்ட நேரம் நிற்க முடியாது, களைத்துப் போனால் பேச்சு தடுக்கும், முழுக்கச் சரியாகுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

பெண்ணின் அம்மாவுக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது, கேட்க முடியவில்லை. "அப்ப... நரம்புன்னா... நாளைக்குக் கொழந்த குட்டின்னு..." என்று தரையைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உங்க மனசுல ஓடறது எனக்குத் தெரியுதுங்க. செவுத்துல ஒட்டியிருக்கற அந்த நோவு இல்லீங்க இது. பரம்பர வியாதியும் இல்லீங்க. கொரோனா வந்துட்டுப் போறப்ப நரம்ப மிதிச்சுப் போட்டுப் போயிருச்சுங்க. வேணும்னா அந்த டாக்டரம்மாகிட்ட நீங்களே வந்து கேளுங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்." சித்தப்பாக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா காபியை முழுக்கக் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், "செரீங்க. நாங்க ஊட்ல பேசிப் போட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்துவிட்டார். கார் தெருமுனை திரும்பியதும் உன் மாமா, "முடிஞ்சுது போ. உன்ற பையனுக்கு நீயே கண்ணாலம் நடக்க உட மாட்ட" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் அசரவில்லை. உண்மையைக் கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் இன்னும் வேகமாக ஓடுவார்கள். இப்போதே ஓடட்டும் என்று டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. பின்னால் பிள்ளைகள் போடும் கூச்சல். "ஏனுங்க, நான் கௌசல்யா பேசறேனுங்க. பரமத்தி வேலூருங்க." அந்தப் பெண்தான். நாமக்கல்லில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்று உன் மாமா சொல்லியிருப்பான். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து பேசியிருக்கிறாள். நான் எல்லாவற்றுக்கும் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். எப்போது முழுக்கக் குணமாகும் என்று கேட்டால் என்ன சொல்வது, ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பதிலை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். "சொல்லு அம்மிணி, என்ன வேணும்னாலும் கேளு" என்றேன்.

"அப்பா எல்லாஞ் சொன்னாருங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கோணும். அவரு பேசிக்கிட்டு இருக்கறப்ப வார்த்த வராம நின்னு போச்சுன்னா, நான் எடுத்துக் குடுக்கோணுங்களா, இல்ல சும்மா இருக்கோணுங்களா?"

ஏன் கேட்கிறாள் என்பதையும் அவளே சொன்னாள். "எங்க கிளாஸ்ல ஒரு புள்ள திக்கித் திக்கிப் பேசுமுங்க. நான் எடுத்துக் குடுத்தா அதுக்கு அழுகையே வந்துரும். சில பேருக்கு எடுத்துக் குடுக்காட்டித்தான் சங்கடம். அதான் இவருக்கு எப்படின்னு கேட்டேனுங்க."

கண்ணு, இந்தக் கேள்வியை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. நான் கேட்கவில்லை. நீ "அம்மா, அந்த..." என்று ஆரம்பித்தால் போதும், நான் "சார்ஜரா? சாவியா? தண்ணியா? துண்டா?" என்று ஏலக்கடைக்காரன் மாதிரி அடுக்கிவிடுவேன். சில சமயம் நீ "ஆமா" என்று சொல்லி நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தெரியாமல் அதை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, உனக்கு வேண்டியதை நீயே தேடி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. என் வாயை அடைப்பதற்காகத்தான் ஆமா என்றிருக்கிறாய். டாக்டரம்மா உன்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். "அவரு சொல்லட்டும்மா" என்று அவர் ஒருமுறை சொன்னபோது எனக்குக் கோபம் கூட வந்தது. என் பிள்ளைக்கு நான்தானே பேச வேண்டும் என்று நினைத்தேன். கடையில் அந்த மூன்று பெண்களிடம் பேசியதும் அதனால்தான். போன ஞாயிறு பேசியதும் அதனால்தான். இந்தத் தடவை சரியான வார்த்தையைச் சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வார்த்தை சரிதான், ஆனால் அது உன்னுடையது, அதை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று மேலே எழுதியதை நான் அடிக்கப் போவதில்லை. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். உனக்கு முன்னால் நான் முந்திக்கொண்டதற்கு மட்டும் கேட்கிறேன். மூன்றாவது மன்னிப்பு அது.

நீ இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதையும் எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் நச்சரிக்க மாட்டேன். அந்தக் காலுறையை விளையாட்டுக்காரர்கள் போடுவது என்று உன் ஆபீசில் கதை விடுவதை நிறுத்து. எதற்குப் போடுகிறாய் என்று சொல். களைத்தால் கொஞ்சம் படுத்து எழ இடம் கேள், கொடுக்காவிட்டால் சண்டை போடு. எவ்வளவு பெரிய மனிதர் எதிரில் நின்று பேசினாலும் உனக்கு உட்கார வேண்டும் என்றால் உட்கார். மரியாதை தெரியாதவன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கேட்டவர்களிடம் நரம்பு என்று வாய்விட்டுச் சொல், அந்த லேகியக்காரர்களிடமிருந்து இந்த வார்த்தையை நாலு பேர் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பிடுங்க முடியும். இதற்காக உன்னை வேண்டாம் என்பவள் உனக்கும் வேண்டாம், அவள் ரதியே ஆனாலும் சரி.

கௌசல்யா உனக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் பேச்சு இன்னும் முடியவில்லை, சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நாளைக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாலும் அனுப்பலாம். "அப்ப நான் அவருகிட்டயே கேட்டுக்கறேனுங்க. ஞாயித்துக்கெழம காத்தால பத்து மணிக்குப் பேசட்டுங்களா?" என்று உன் எண்ணைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். அதையும் உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன், பழக்கம் ஒரே நாளில் போகுமா? எடுக்க விருப்பமில்லை என்றால் எடுக்காதே, அது உன் இஷ்டம். எடுத்தால் உட்கார்ந்துகொண்டு பேசு. வார்த்தை நின்றால் நிற்கட்டும். அவள் எடுத்துக் கொடுக்க வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்பதை நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாது என்று நான் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா